கானகம் கண்ட மா. கிருஷ்ணன்

நம் நாட்டுக் காடுகளுக்குள் பொழுதுபோக்கின் பொருட்டுச் செல்லும் வழக்கம் நெடுங்காலம் வேட்டையோடு ஒன்றியதாகவே இருந்து வந்தது. மன்னரும் ஜமீன்தாரும் துரைமக்களும் யானைமீது ஏறியும் பரண்மீது இருந்தும் புலியையும் காட்டெருமையையும் சுட்டு வீழ்த்தி, அவற்றின் தோலையும் கொம்பையும் மாளிகைச் சுவர்களில் மாட்டி மகிழ்ந்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வழக்கத்தினிடையே மற்றொரு வழக்கம் சிறுகச் சிறுகத் தலையெடுத்தது. துப்பாக்கி இருந்த கையில் காமிரா ஏறிற்று. ஐக்கிய மாகாணத்துக் காட்டிலாகாவில் உத்தியோகம் பார்த்த சாம்பியன் என்னும் ஆங்கிலேயர், புலி நடக்கும் தடத்திற் கம்பி கட்டி, அதன் கால் பட்டதும் விளக்கொளி தோன்றிப் படம் பதியுமாறு செய்து, அவ்விதம் எடுத்த படங்களை 1927-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவரைக் கண்டு ஊக்கங்கொண்ட ஜிம் கார்பெட் துரையும் தம் பிற்காலத்தில் துப்பாக்கியினும் காமிராவையே பெரிதும் விரும்பினார். தென்னாட்டில் இந்நெறியை மேற்கொண்டு, அதற்கே தம் வாழ்நாளை ஈந்தவர் ஸ்ரீ மா. கிருஷ்ணன் அவர்கள்.

இன்று விடுமுறை நாட்களில் நம் மாணவர் பலர் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வேடந்தாங்கலுக்கும் முதுமலைக்கும் செல்லக் காண்கிறோம். அத்தடத்தில் துணையும் வசதியும் இல்லாத காலத்தில் முன்னரே நடந்தவர் இவர். ஆதலின் இவர்தம் வாழ்க்கையைச் சுருக்கமாக ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

பிறப்பும் பெற்றோரும்

கிருஷ்ணன் 1912-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் தேதி திருநெல்வேலியிற் பிறந்தார். இவருடைய தந்தையார், தமிழ் நாவல் உலகில் முன்னோருள் ஒருவராக வைத்து எண்ணப்படும் அ. மாதவையா ஆவர். பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலை இயற்றிய மாதவையா, மில்லர் துரையவர்கள் தலைவராய் விளங்கிய காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றவர். உப்பு இலாகாவில் உத்தியோகம் வகித்து, பின் அதனை விடுத்துச் சென்னை மயிலாப்பூரில் வீடு கட்டிக் குடியேறி, பஞ்சாமிர்தம் என்னும் மாதப் பத்திரிகையை நடத்தினார். 1925-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பட்டப்படிப்பிலே தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என்று பல்கலைக்கழகச் செனெட் சபையிற் பேசி முடித்த சிறிது நேரத்தில் அவர் உயிர் துறந்தார். அப்பொழுது கடைசிப் பிள்ளையாகிய கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று.

தந்தையார் விட்டுச் சென்ற செல்வம் பெரிதன்று. ஆயினும், தமிழ்ப் பற்றும், மனத்திற் பட்டதை அஞ்சாது சொல்லும் இயல்பும், உத்தியோகத்தைப் பெரிதாக மதியாத துணிவும் மகனிடத்தில் அப்படியே வந்து பொருந்தின. அந்நாளில் மயிலாப்பூர், நகரத்தின் விளிம்பில், தோப்பும் துரவும் மண்டிய இடமாயிருந்தது. வீட்டுத் தோட்டத்திற்கு வரும் தவிட்டுக்குருவிகளும் அணில்களும் மரங்கொத்திகளுமே இவர்க்கு முதல் ஆசிரியர் ஆயின. பிற்காலத்தில் யானையைப் பற்றி எழுதியபோது இருந்த அதே கருத்தூன்றலோடு வீட்டுக் கூரையில் வாழும் குருவியைப் பற்றியும் இவர் எழுதினார். கொல்லைப்புறத்தைக் காணாதவன் காட்டையும் காணான் என்பது இவர் வாழ்க்கை காட்டும் முதற் பாடம்.

கல்லூரிக் காலம்

இவர் சென்னை இராசதானிக் கல்லூரியிற் சேர்ந்து தாவர நூல் பயின்றார். அங்கே தாவர நூற் பேராசிரியராயிருந்த பைசன் துரையவர்கள் தென்னிந்திய மலைப்பிரதேசங்களின் செடிகொடிகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய அறிஞர். அவர் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செடி தேடிச் சென்ற பிரயாணங்களில் கிருஷ்ணனும் உடன் சென்றார். பேராசிரியருடைய மனைவியாரிடத்தில் நீர்வர்ணச் சித்திரம் எழுதும் முறையையும் கற்றுக்கொண்டார். ஓர் இலையின் விளிம்பை வரைய வேண்டுமாயின் அதனைப் பலமுறை நோக்க வேண்டும். நோக்க நோக்க, முதற் பார்வையில் தோன்றாதவை தோன்றும். இவர் கண்ணைப் பழக்கியது இச்சித்திரக் கலையே எனலாம். பிற்காலத்தில் தாம் எழுதிய கட்டுரைகளுக்கு வேண்டிய படங்களைப் பெரும்பாலும் தாமே வரைந்துகொண்டார்.

பரீட்சைகளில் இவர் சிறந்து விளங்கினாரல்லர். தாவர நூலோடு சட்டமும் பயின்று பட்டம் பெற்றார். எனினும் தக்க உத்தியோகம் எதுவும் எளிதில் வாய்க்கவில்லை. சிறு பத்திரிகைகளுக்குக் கட்டுரையும் கேலிச் சித்திரமும் எழுதிக் கொடுத்துச் சில்லறை ஊதியம் பெற்று வந்தார். பல்கலைக்கழகத்துப் பட்டியலில் முதலிற் பெயர் வாராமையாலேயே தம் வாழ்வு பாழாயிற்று என்று மனமுடையும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

சந்தூர் சமஸ்தானத்தில்

1942-ஆம் ஆண்டில் இவர்க்குப் பல்லாரிக்கு அணித்தாயுள்ள சந்தூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அங்கே பள்ளிக்கூட ஆசிரியராகவும், நீதிபதியாகவும், பிரசார அதிகாரியாகவும், இறுதியில் மகாராஜாவின் அரசியற் காரியதரிசியாகவும் பணியாற்றினார். சிறிய சமஸ்தானம் ஆதலின் ஒருவரே பல பதவிகளை மாறி மாறி வகிக்க நேர்ந்தது.

ஆனால் சந்தூரில் இவர் பெற்ற பெரும் பேறு பதவியன்று. ஓய்வும், ஊரைச் சூழ்ந்த மலைகளும் காடுகளுமேயாம். பொழுது கிடைத்தபோதெல்லாம் தனியே மலைச்சரிவுகளில் அலைந்தார். ஆடு மேய்த்துப் பார்த்தார். அஞ்சல் கொண்டு செல்லும் புறாக்களை வளர்த்துப் பழக்கினார். மேய்ப்பனுக்குத் தெரிந்த காற்றின் திசையும், தண்ணீர்த் துறையும், மிருகங்களின் வழித்தடமும் இவர்க்கும் தெரியலாயின. கல்லூரியில் தாவரங்களின் பெயரை அறிந்தவர், சந்தூரில் அத்தாவரங்களை எவ்வுயிர் எப்பருவத்தில் உண்கிறது என்பதை அறிந்தார்.

துணிந்த முடிவு

1949-ஆம் ஆண்டில் சந்தூர் சமஸ்தானம் சென்னை மாகாணத்துடன் இணைக்கப்பட்டது. அதனோடு இவர் வகித்த பதவியும் முடிவுற்றது. அப்பொழுது இவர்க்கு வயது ஏறத்தாழ முப்பத்தேழு. மனைவியும் மகனும் உடைய குடும்பஸ்தர். அக்காலத்தில் அத்தகைய நிலையிலுள்ளார் எவரும் வேறோர் உத்தியோகத்தையே நாடியிருப்பர். இவரோ சென்னைக்குத் திரும்பி, இனி மாதச் சம்பளம் பெறும் எவ்வேலையும் ஏற்பதில்லை என்னும் முறையில் வாழத் தொடங்கினார். எழுத்தும், சித்திரமும், தாம் எடுக்கும் படங்களுமே இவர்க்கு வருவாய். அவ்வருவாயோ மிகச் சிறிது.

இம்முடிவின் பளுவை நாம் இன்று எளிதில் உணர்தல் அரிது. அந்நாளில் வனவிலங்குகளைப் பற்றி எழுதுவது ஒரு தொழிலாகக் கருதப்படவில்லை. இவரைத் தாங்க ஆராய்ச்சி நிலையமும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை, பிரயாணச் செலவுக்குப் பணந்தரும் முதலாளியும் இல்லை. காட்டுக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பினால் அந்நஷ்டம் முழுதும் குடும்பத்தின் தலையிலேயே விழும். அவ்வாறிருந்தும், அடுத்த நாற்பத்தாறு ஆண்டுகள் இவர் இவ்வழியினின்றும் பிறழவில்லை.

1950-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்து வெளிவரும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில், நாட்டுப்புறக் குறிப்பேடு என்று பொருள்படும் தலைப்பில், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார். பஞ்சமானாலும், நோயானாலும், காட்டிடையே இருந்தாலும் அவ்வரிசை தொடர்ந்து வந்தது. ஒரே எழுத்தாளர் ஒரே பத்திரிகையில் இத்துணைக் காலம் இயற்கையைப் பற்றி எழுதி வந்தமை நம் நாட்டில் அரிய செய்தியாகும்.

படமெடுத்த முறை

இவர் வைத்திருந்த காமிரா, கடைகளில் விலைக்கு வாங்கியபடியே பயன்படுத்தும் கருவியன்று. ஒரு காமிராவின் உடலையும் வேறொன்றின் கண்ணாடி வில்லையையும் தாமே பொருத்தித் தமக்கு வேண்டியவாறு அமைத்துக்கொண்டார். அவ்வாறு அமைந்த பெருங்கருவி ஒன்றுக்கு, அதன் பளுவை எண்ணி, சூப்பர் பாண்டரோஸா என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். விலையுயர்ந்த கருவி இன்மையால் படமெடுக்க இயலவில்லை என்பார்க்கு இஃது ஒரு விடையாகும்.

அக்காலத்துப் பெரிய காமிராக்களில் ஒரு சுருளுக்கு எட்டு அல்லது பன்னிரண்டு படங்களே எடுக்கலாகும். எடுத்த படம் எவ்வாறு வந்துள்ளது என்பது, ஊர் திரும்பி இருட்டறையிற் கழுவிப் பார்த்த பின்னரே தெரியும். ஒளியின் அளவையும் தூரத்தையும் கண்ணால் மதித்தே கருவியைத் திருப்ப வேண்டும். மரநிழலில் நிற்கும் யானையோ காட்டெருமையோ கரிய உடலுடையது. இலைகளினூடே விழும் வெயிலோ கண்ணைப் பறிப்பது. இவ்விரண்டையும் ஒரே படத்தில் ஒருங்கே கொணர்தல் எளிதன்று. கிருஷ்ணன் வர்ணப்படம் நாடெங்கும் பரவிய பின்னரும் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்து வந்தார். யானைத் தோலின் மடிப்பும், புல்லின் மேல் வீழும் ஒளியும், விலங்கின் உடலமைப்பும் அவற்றிலேதான் செவ்வனே விளங்கும் என்பது இவர் கொள்கை.

காட்டில் இவர் பெரும்பாலும் கால்நடையாகவோ, பழக்கிய யானையின் முதுகின்மீதோ சென்றார். யானைக்குக் கண்பார்வை மந்தம். ஆனால் மூக்கின் கூர்மை மிகுதி. ஆதலின் காற்று யானையிடத்திலிருந்து நம்மை நோக்கி வீசுமாறு பார்த்து நடக்க வேண்டும். காற்று திரும்பியதாயின், அன்றைய முயற்சியை விட்டு உடனே பின்வாங்க வேண்டும். பழக்கிய யானைமீது செல்வோர்க்கு ஒரு வசதி உண்டு: யானையின் நாற்றம் மனிதனுடைய நாற்றத்தை மறைத்துவிடுதலால், மானும் காட்டெருமையும் அஞ்சாது நிற்கும். ஆயினும் யானை ஓயாது அசைந்துகொண்டே இருக்கும். அதன் மூச்சுக்கும் காமிரா ஆடும். அவ்வசைவு அடங்கும் ஒரு நொடியை நோக்கி இவர் மணிக்கணக்காகக் காத்திருப்பார்.

காட்டு யானைகளை அண்மையிலிருந்து இவர் எடுத்த படங்கள் பெரும்புகழ் பெற்றன. அப்படங்களில் யானை மனிதனைத் தாக்க வரும் கொடிய மிருகமாகத் தோன்றுவதில்லை. கன்றை நடுவிலிட்டு நிற்கும் கூட்டமும், மண்ணை வாரி மேலே தூவிக்கொள்ளும் களிறும், நீரிலிறங்கும் பிடியும் தத்தம் வேலையைத் தாம் பார்த்துக்கொண்டிருப்பனவாகவே காணப்படும். பார்ப்பவன் அங்கிருப்பதை அவை அறியா, அறிந்தாலும் பொருட்படுத்தவில்லை. இந்நிலையே படமெடுப்போனுடைய நற்பண்புக்குச் சான்றாகும். மிரண்டோடும் மானின் படம், படமெடுத்தவன் தவறு செய்தான் என்பதையும் சேர்த்தே காட்டிவிடுகிறது அன்றோ?

வேடந்தாங்கல்

செங்கற்பட்டு ஜில்லாவில் மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள வேடந்தாங்கல் ஏரி இவர் உள்ளத்தைக் கவர்ந்த இடங்களுள் ஒன்று. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும், நீரிடையே நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைக்குத்தி நாரையும், கரண்டிவாயனும், அரிவாள்மூக்கனும், வக்காவும், நீர்க்காகமும் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். கோடை தொடங்கும்போது குஞ்சுகளோடு அவை அகன்றுவிடும்.

இவ்வூர்க் குடியானவர் சட்டமும் சரணாலயமும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இப்பறவைகளைக் காத்து வந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டராயிருந்த பிளேஸ் துரையிடத்தில் பறவைகளைச் சுடலாகாது என்னும் உரிமையையும் பெற்றிருந்தனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயல்களுக்கு நல்லுரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆயினும் கிருஷ்ணன் இதனை வெறும் இலாப நோக்கமாக மட்டும் கருதவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தம் ஊருக்கு வரும் விருந்தினரைப் போற்றும் குடிமக்களின் பெருந்தன்மையையும் அதிற் கண்டார். வேடந்தாங்கலைப் பற்றி அவர் பலகாலும் எழுதியும் படம் வெளியிட்டும் வந்தமையால், அச்சிற்றூரின் பெருமை பிற மாகாணத்தாருக்கும் எட்டிற்று.

பறவைகளைக் காணச் செல்வோர் அவ்வூர் மக்களைக் காணாது திரும்புவது வழக்கமாயிருக்கிறது. பட்டாசு வெடிக்காது தீபாவளியை அமைதியாகக் கழிக்கும் அச்சிற்றூரார் இல்லையேல், நம் காமிராவுக்கு அங்கே எடுப்பதற்கு ஒன்றும் இராது என்பதை நினைவிற் கொள்ளுதல் தகும்.

காட்டுக் கணக்கு

1968-ஆம் ஆண்டில் இவர்க்கு ஜவாஹர்லால் நேரு நினைவு உதவித்தொகை அளிக்கப்பட்டது. அதனைக்கொண்டு தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டி விலங்குகளின் நிலையைக் காடு காடாகச் சென்று ஆராய்ந்தார். முதுமலை, பந்திப்பூர், பெரியாறு முதலிய இடங்கள் இவர்க்கு வீட்டு முற்றம் போல ஆயின. 1959 முதல் 1970 வரை தாம் கண்டவற்றைத் தொகுத்து எழுதிய ஆராய்ச்சி, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் வாயிலாக 1975-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. வேட்டையும் மேய்ச்சலும், அணைக்கட்டும் மரத்தோட்டமும் காட்டை எவ்வாறு சுருக்கி வருகின்றன என்பதை நேரிற் கண்டு குறித்த பதிவு அது. அந்நூலிலுள்ள படங்கள் அலங்காரமாக வைக்கப்பட்டனவல்ல, ஆராய்ச்சியின் சான்றுகளேயாம்.

காட்டைக் காப்பதாவது அதிலுள்ள புல், புதர், மரம், பூச்சி, விலங்கு அனைத்தையும் ஒருங்கே காப்பது என்பதை இவர் வற்புறுத்தினார். சரணாலயத்துக்குள் இயற்கை மரங்களை வெட்டிவிட்டுத் தைலமரம் நடுவதையும், சாலையோரங்களில் அயல்நாட்டு மரங்களை அழகுக்காக வளர்ப்பதையும் கடுமையாகக் கண்டித்தார். வேம்பும் புங்கமும் அரசும் ஆலும் இருக்க, கடல் கடந்து வந்தவற்றை நாடுவானேன் என்பது இவர் வாதம். மத்திய அரசாங்கத்தார் அமைத்த வனவிலங்கு வாரியத்தில் நெடுங்காலம் உறுப்பினராயிருந்தார். 1973-ஆம் ஆண்டில் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுங் குழுவிலும் இடம் பெற்றார். அச்சபைகளில் அமைச்சரும் அதிகாரிகளும் விரும்பாதவற்றையும் ஒளிக்காது சொன்னார். இதனால் இவரைக் கடுஞ்சொல்லர் என்றும், எவரோடும் இணங்காதவர் என்றும் கூறியவர் உண்டு. அக்குறையை முற்றும் மறுத்தல் இயலாது. தனித்தே நடந்து பழகியவர் கூட்டத்தோடு ஒத்து நடத்தல் கடினம். ஆனால் எவரிடத்திலும் சம்பளம் பெறாத ஒருவர்க்கே அவ்வாறு பேசும் உரிமை எளிதிற் கிடைக்கும் என்பதும் உண்மை. 1949-ஆம் ஆண்டில் இவர் மேற்கொண்ட வறுமையின் பயனை நாடு இவ்வாறு பெற்றது.

தமிழ்ப் பணியும் இறுதிக் காலமும்

ஆங்கிலத்தில் இவர் எழுதியது மிகுதி. ஆயினும் தந்தையின் மகனாதலின் தமிழை மறந்தாரல்லர். பறவைகளையும் விலங்குகளையும் பற்றி இவர் எழுதிய தமிழ்க் கட்டுரைகள், இவர் மறைந்த பின்னர் மழைக்காலமும் குயிலோசையும் என்னும் பெயரால் நூலாகத் தொகுக்கப்பெற்றன. பறவைகளை ஊரார் வழங்கும் பெயராலேயே சுட்டுவதும், அவற்றின் இயல்பை இரண்டொரு வாக்கியங்களில் கண்முன் நிறுத்துவதும் அக்கட்டுரைகளின் சிறப்பு. வயது முதிர்ந்த காலத்தில் கதிரேசன் செட்டியாரின் காதல் என்னும் துப்பறியும் நாவல் ஒன்றையும் எழுதினார்.

அரசாங்கத்தார் இவர்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கினர். 1995-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் நிறுவனம் உலகத்தார் ஐந்நூற்றுவர் அடங்கிய தன் பெருமைப் பட்டியலில் இவர் பெயரைச் சேர்த்தது. 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 18-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று, தம் எண்பத்து நான்காம் வயதில், சென்னையில் இவர் காலமானார். அன்று வெளிவந்த ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையிலும் இவர் எழுதிய கட்டுரை இடம் பெற்றிருந்தது. தந்தை சபையிற் பேசி முடித்து மறைந்தார். மகன் எழுதி முடித்து மறைந்தார்.

முடிவுரை

இந்நாளில் படமெடுத்தல் யாவர்க்கும் கைகூடியதாயிற்று. பன்னிரண்டு படங்களுக்கு அஞ்சி அஞ்சி விரல் வைத்த காலம் போய், ஒரு நிமிஷத்தில் நூறு படம் எடுக்கும் காலம் வந்துவிட்டது. ஆயினும் பறவையும் விலங்கும் மாறவில்லை. அவற்றின் அச்சமும் மாறவில்லை. நல்ல படம் வேண்டும் என்னும் ஆசையாற் கூட்டின் அருகே நெருங்குவோரும், மறைவுக்கு நிற்கும் கிளையை ஒடிப்போரும், கல்லெறிந்து பறவையைப் பறக்கவிட்டுப் படமெடுப்போரும் நம்மிடையே இல்லாமல் இல்லை. தாய்ப்பறவை அஞ்சி அகன்ற சிறிது நேரத்திற்குள் முட்டை வெயிலிற் கெடும். காக்கை குஞ்சைக் கவர்ந்து செல்லும். துப்பாக்கி செய்த வேலையைக் காமிராவும் செய்யலாகும் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆதலால், அடுத்த விடுமுறையில் ஏரிக்கரைக்கோ காட்டுக்கோ செல்லும் மாணவ நண்பர்கள் காமிராவோடு ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்வாராக. எந்த நாள், எந்த மரம், எத்தனை பறவை, அவை என்ன செய்துகொண்டிருந்தன என்பதை எழுதி வைப்பாராக. படம் வாராத நாளிலும் அக்குறிப்பு மிஞ்சும். பல ஆண்டுகள் சென்றபின் அவ்வேரியில் அப்பறவை அருகிவிட்டதாயின், அதனை அறிவிக்கும் சாட்சியும் அதுவே ஆகும். கிருஷ்ணன் அவர்கள் நாற்பத்தாறு ஆண்டுகள் செய்து வந்த பணி இத்துணையே. அதனைத் தொடர்ந்து செய்தற்குப் பட்டமும் பதவியும் வேண்டா. வைகறையில் எழுந்து, காற்றின் திசையறிந்து, ஓரிடத்தில் அசையாது அமரும் பொறுமை ஒன்றே போதும்.